பிரஷர் குளிசை போட்டால் முடி வளருமா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 27. உப்புவெளியில் வீடு, நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. ஒரு வருடமாக உச்சியில் முடி குறைந்துகொண்டே வருகிறதாம். சலூனில் முடி வெட்டும் அண்ணா 'பிரஷர் குளிசை போட்டால் முடி வளரும்' என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் அப்பா கிளினிக்கில் எடுத்துவரும் பிரஷர் குளிசைகள் இருக்கின்றன. கூட்டாளி ஒருவரும் வெளிநாட்டிலிருந்து வந்த 10 மில்லிகிராம் மினொக்சிடில் குளிசை அட்டை ஒன்றைக் கொடுத்து, நாளுக்குப் பாதி போடச் சொல்லியிருக்கிறார். எதைப் போடலாம் என்பதுதான் கேள்வி. அக்காவின் நான்கு மாதக் குழந்தையும் ஒரு பூனையும் அதே வீட்டில் இருப்பதை இடையில் ஒரு வரியில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்கும் கீழே பதில் இருக்கிறது.

முதலில் நேரடியான பதில். அப்பாவின் குளிசையைத் தொட வேண்டாம். கூட்டாளி தந்த அட்டையையும் உடைக்க வேண்டாம். ஆனால் சலூன் அண்ணா சொன்னது பொய் இல்லை. ஒரு பிரஷர் மருந்து உண்மையாகவே முடி வளர்க்கிறது, அதுதான் மினொக்சிடில். உங்கள் வயதுக்கும் நிலைமைக்கும் அதைத் தலையில் பூசுவதில் இருந்துதான் தொடங்க வேண்டும், வாயில் போடுவதில் இருந்து அல்ல. நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாமசி மேசைக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளர். உங்களைப் போல மேசைக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, இதே கேள்வியைக் கேட்ட பிள்ளைகள் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரஷர் குளிசை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே இருப்பது ஒரே மருந்து இல்லை. அப்பாவின் கிளினிக் கொப்பியையும், 'காலை 1, இரவு 1' என்று பேனையால் எழுதிய அந்தச் சின்னக் காகிதக் கவரையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் லொசார்டன், அம்லோடிபின், எனலாபிரில், அட்டெனோலோல் இவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இதில் எதுவும் முடி வளர்க்காது. அட்டெனோலோல் போன்றவை சிலருக்கு முடியைக் கொட்டவே வைக்கும். அத்தோடு கிளினிக்கில் அடுத்த தவணை வரைக்கும் எண்ணித்தான் தருகிறார்கள். நீங்கள் அதில் கை வைத்தால் மாதக் கடைசியில் அப்பா மருந்தில்லாமல் இருப்பார். பிரஷர் மருந்தை இடையில் விட்டவர்களுக்குப் பக்கவாதம் வந்த கதை எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒன்று இருக்கிறது.

சரி, மினொக்சிடிலுக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்? அதன் கதை தெரிந்தால் அதன் ஆபத்தும் சேர்ந்தே விளங்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். அங்கிருந்த அப்ஜோன் நிறுவனம் 1950களின் கடைசியில் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடியது. அகப்பட்ட பொருள் புண்ணை ஆற்றவில்லை, இரத்தக் குழாய்களைப் பலமாக விரித்தது. அந்தத் தடத்தில் போய் 1960களில் உருவாக்கியதுதான் மினொக்சிடில். கொலராடோ பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் சிட்சி என்ற வைத்தியர், வேறு எதற்கும் இறங்காத பிரஷர் உள்ள நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். பிரஷர் இறங்கியது. கூடவே நெற்றியிலும் கன்னத்திலும் கைகளிலும் முடி முளைத்தது. அங்கேயே வேலை செய்த தோல் வைத்தியர் குந்தர் கான் என்பவரும் அவருடைய இளம் சக வைத்தியர் போல் கிராண்ட் என்பவரும், 'இதைக் கரைத்து ஒரு இடத்தில் மட்டும் பூசினால் அந்த இடத்தில் முடி வளருமா?' என்று யோசித்துத் தங்கள் மேலிலேயே பூசிப் பார்த்தார்கள். பூசிய இடத்தில் முடி வந்தது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1979-இல் குளிசைக்கு அனுமதி கொடுத்தது, பிரஷருக்கு மட்டும். பெயர் லொனிடென். தலையில் பூசும் 2 சதவீத மருந்துக்கு 1988-இல் ரொகேன் என்ற பெயரில் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது, 1991-இல் பெண்களுக்கு. 1996-இல் இருந்து அங்கே டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கலாம். அடுத்த வருடம் 5 சதவீத மருந்தும் வந்தது. ஆனால் குளிசைக்கு முடிக்கென்று அவர்கள் இன்றைக்கும் அனுமதி கொடுக்கவில்லை. தோல் வைத்தியர்கள் தங்கள் பொறுப்பில், மிகக் குறைந்த அளவில்தான் எழுதுகிறார்கள்.

ஏன் அந்தத் தயக்கம்? மினொக்சிடில் இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் பொட்டாசியம் வாசல்களைத் திறக்கிறது. குழாய் தளர்ந்து விரிகிறது, பிரஷர் இறங்குகிறது. உடம்பு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. பிரஷர் விழுந்துவிட்டது என்று நினைத்து இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கும். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கத் தொடங்கும். அதனால்தான் பிரஷருக்கு இதைக் கொடுக்கும்போது இதயத் துடிப்பை அடக்க ஒரு மருந்தும் நீரை வெளியேற்ற ஒரு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். வேறு இரண்டு பிரஷர் மருந்தும் ஒரு நீர்க்குளிசையும் முழு அளவில் கொடுத்தும் பலிக்காதவர்களுக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் தாளிலேயே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கிறது. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கட்டலாம், அது இதயத்தையே நெருக்கலாம் என்றும் அதே கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது.

முடியில் நடப்பதை முழுவதுமாக இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தது இவ்வளவு. ஒவ்வொரு முடியும் சில வருடம் வளரும், பிறகு மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், பிறகு விழும், அதே வேரில் இருந்து புதியது முளைக்கும். மினொக்சிடில் அந்த ஓய்வைக் குறுக்கி, வளரும் காலத்தை நீட்டுகிறது. மெலிந்துபோன முடி கொஞ்சம் தடிக்கிறது. ஆனால் மினொக்சிடில் அப்படியே வேலை செய்வதில்லை. முடி வேரிலும் ஈரலிலும் இருக்கும் ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். தலைத்தோலில் அந்த நொதி குறைவாக இருப்பவர் போத்தல் போத்தலாகப் பூசினாலும் பெரிய மாற்றம் வராது. 'அவனுக்கு வளர்ந்தது, எனக்கு ஏன் வளரவில்லை' என்ற கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் இதுதான். குளிசையை ஈரலே மாற்றிக் கொடுத்துவிடும் என்பதால், பூசிப் பலன் கிடைக்காத சிலருக்குக் குளிசையில் பலன் கிடைக்கிறது.

இப்போது உங்கள் கூட்டாளியின் கணக்குக்கு வருவோம். முடிக்காகக் குளிசை எழுதும் வைத்தியர்கள் பெண்களுக்கு நாளுக்குக் கால் மில்லிகிராமில் இருந்து இரண்டரை வரைக்கும், ஆண்களுக்கு இரண்டரையில் இருந்து ஐந்து வரைக்கும் கொடுக்கிறார்கள். 10 மில்லிகிராம் குளிசையின் பாதி ஐந்து. அதாவது அவர் உங்களை உச்ச அளவில் தொடங்கச் சொல்கிறார். பிரஷர் பார்க்காமல், ஈசிஜி எடுக்காமல், இதய வருத்தம் உண்டா என்று ஒரு கேள்வி கூடக் கேட்காமல். பிளேட்டால் வெட்டிய குளிசை சரி பாதியாகவும் உடையாது. இன்றைக்கு நான்கு, நாளைக்கு ஆறு.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கால் வீக்கத்துக்கு ஒயின்ட்மென்ட் கேட்டு வந்தார். அடிபட்டதா என்று கேட்டேன், இல்லை என்றார். இரண்டு காலுமா என்றேன், ஓம் என்றார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். சொக்ஸின் விளிம்பு பதிந்த இடம் கயிறு கட்டியது போல ஆழமாக இருந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் பெருவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தேன். குழி விழுந்தது, நிரம்பவில்லை. முப்பது வயதில் இரண்டு காலிலும் அப்படிக் குழி விழக் கூடாது. நாடியைப் பிடித்தேன். கதிரையில் இருந்தபடியே நிமிடத்துக்கு 112. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று மூன்றாவது தடவை கேட்டபோதுதான் தொப்பியைக் கழற்றினார். நான்கு மாதமாக 10 மில்லிகிராமைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார்; முடி வந்ததைப் பார்த்துவிட்டுப் போன மாதத்தில் இருந்து முழுதாகவே போட்டிருக்கிறார். இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் மூச்சு லேசாக இருக்கிறது என்று கடைசியில் சொன்னார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, அப்போதே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லபடியாகத் திரும்பி வந்தார். அவருடைய தலையில் உண்மையாகவே முடி நன்றாக வளர்ந்திருந்தது. அதனால்தான் அவர் குளிசையைக் குறைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

இதைச் சொல்லிக் குளிசையே விஷம் என்று பயமுறுத்துவதும் நியாயம் இல்லை. சரியான அளவில், சரியான ஆளுக்கு அது பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் குறைந்த அளவு குளிசை எடுத்த 1404 பேரைப் பார்த்தார்கள். 15 சதவீதம் பேருக்கு வேண்டாத இடத்தில் முடி வளர்ந்தது. தலைசுற்று வந்தவர்கள் 1.7 சதவீதம், உடம்பில் நீர் பிடித்தவர்கள் 1.3 சதவீதம், இதயம் படபடத்தவர்கள் 0.9 சதவீதம். ஆனால் இவர்கள் எல்லோருமே வைத்தியரின் பார்வையில் இருந்தவர்கள். 

இன்னொன்றையும் பாருங்கள். 2024-இல் பிரேசிலில் 90 ஆண்களைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு பகுதியினர் நாளுக்கு 5 மில்லிகிராம் குளிசை எடுத்தார்கள், மற்றவர்கள் 5 சதவீத மருந்தை நாளுக்கு இரண்டு தடவை பூசினார்கள். 24 வாரத்தின் பிறகு குளிசை பூசு மருந்தைவிட மேலானது என்று காட்ட முடியவில்லை. குளிசை எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உடம்பில் முடி கூடியது, ஏழில் ஒருவருக்குத் தலையிடி வந்தது. பூசுவதில் கிடைக்கும் அதே பலனுக்காக மருந்தை முழு உடம்புக்குள்ளும் ஓட விடுவானேன்? பூசுவதைச் சரியாகச் செய்து பார்த்துப் பலிக்காதவர், அல்லது பூசினால் தலைத்தோல் புண்ணாகிறவர், குளிசையைப் பற்றி வைத்தியரிடம் கதைக்கலாம். உங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

எங்கள் ஊரின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஹோட்டல் முற்றத்தில் காலை முதல் நின்று வேலை செய்கிறவருக்கு வேர்த்தே உடம்புத் தண்ணீர் இறங்கிவிடும். அதற்குமேல் குழாய்களை விரிக்கும் மருந்தும் சேர்ந்தால், குனிந்து நிமிரும்போது கண் இருட்டும். கோயில் தேருக்கு விரதம் இருந்து நிற்கிறவர்களுக்கும், நோன்பு பிடிக்கிறவர்களுக்கும், கடலுக்குப் போகிறவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். கரையில் தலைசுற்றினால் இருக்கலாம். வள்ளத்தின் விளிம்பில் சுற்றினால் என்ன செய்வது?

ஆனால் மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உங்களுக்கு இருப்பது எந்த முடி உதிர்வு? மினொக்சிடில் முக்கியமாக உதவுவது பரம்பரையாக வரும் முடி குறைவுக்கு. நெற்றியின் இரண்டு மூலையும் பின்வாங்கி, உச்சியில் வட்டமாக மெலியும் அந்த வகைக்கு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதுவாகத்தான் தெரிகிறது. அப்பாவுக்கோ அம்மாவின் சகோதரர்களுக்கோ அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். 

மற்றவை வேறு. தலை முழுவதும் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டினால், இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தி என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2017-இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு பரவி எத்தனையோ வீடு அழுதது. காய்ச்சல் சுகமாகி, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகுதான், 'சீப்பில் முடி சுருள் சுருளாக வருகிறது' என்று சனம் பாமசிக்கு வரத் தொடங்கியது. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய ஒப்பரேஷன், கண்மூடித்தனமான டயட் எல்லாவற்றுக்கும் பிறகு இப்படிக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே திரும்பும். அதற்கு மினொக்சிடில் வாங்கித் தந்து காசு பிடிக்க எனக்கு மனம் வருவதில்லை. இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் இரத்தப் பரிசோதனையில் தெரியும். காசு அளவில் வட்டமாக, வழுவழுப்பாக முடி போவது புழுவெட்டு. அதற்கு வைத்தியம் வேறு. தோல் சிவந்து செதில் எழும்பி, நோவோடு முடி போனால் ஒரு நாளும் பிந்தாமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள். சில வகைகளில் வேரே அழிந்துவிடும், பிறகு எதைப் பூசியும் பயன் இல்லை.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பது. கரையோரக் கிணறுகளில் தண்ணீர் உவர்தான். அதில் குளித்தால் முடி வறண்டு இடையில் முறியும். வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். உச்சி மெலிவதற்கு இரண்டும் காரணம் இல்லை.

இனிப் பூசும் முறை. இதில்தான் பத்துப்பேரில் எட்டுப்பேர் பிழை விடுகிறார்கள், பிறகு மருந்து சரியில்லை என்கிறார்கள்.

ஆண்களுக்கு 5 சதவீதம். இதை 2 சதவீதத்தோடு ஒப்பிட்டு 393 ஆண்களில் 48 வாரம் செய்த ஆய்வில், 5 சதவீதம் பூசியவர்களுக்கு 45 சதவீதம் கூடுதலாக முடி வந்தது. ஒரு தடவைக்கு ஒரு மில்லிலீட்டர், காலையும் மாலையும். போத்தலோடு வரும் டிரொப்பரில் கோடு இருக்கும். அந்தக் கோடு வரைக்கும் மட்டும். கூடப் பூசினால் கூட வளராது, தோலால் உள்ளே இறங்கும் மருந்துதான் கூடும். மருந்து முடிக்கு அல்ல, தோலுக்கு. கண்ணாடிக்கு முன் நின்று, மெலிந்த இடத்தில் சீப்பால் வகிடு எடுத்து, தோல் தெரியும் கோட்டில் நான்கைந்து துளி விடுங்கள். விரல் நுனியால் மெதுவாகப் பரப்புங்கள். அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. நன்றாகச் செய்தால் மூன்று நிமிடம் எடுக்கும். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அதே கையால் முகத்தைத் துடைத்துக் கன்னத்தில் முடி முளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தலை காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் இருக்கக் கூடாது. அம்மா காலையில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிவிட்ட தலையில் மருந்து விட்டால் அது எண்ணெய்க்கு மேலேதான் நிற்கும். எண்ணெய் வேண்டுமென்றால் முழுகும் நாளில், முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு வைத்துக் கழுவிவிடுங்கள். மருந்து பூசிய பிறகு நான்கு மணித்தியாலம் தலையை நனைக்க வேண்டாம். உங்களுக்குக் கடல் பக்கத்தில் வேலை. பூசிவிட்டு உடனே குளிக்க இறங்கினால் மருந்து கடலுக்குத்தான் போகும். தோல் கடித்தால் பெரும்பாலும் காரணம் மினொக்சிடில் இல்லை, அதைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கோல். நுரையாக வரும் வகையில் அது இல்லை.

அடுத்தது, முதல் இரண்டு மாதம். இரண்டாவது வாரத்தில் இருந்து எட்டாவது வாரத்துக்குள் முடி முன்னைவிடக் கூடக் கொட்டலாம். ஓய்வில் இருந்த முடிகளைப் புதியவை தள்ளிக்கொண்டு வருவதால் அது நடக்கிறது. அந்த நேரத்தில் பயந்து போத்தலை எறிந்தவர்கள் எத்தனையோ பேர். எறியாதீர்கள். நான்கு மாதத்துக்கு முன் நல்லது கெட்டது சொல்ல முடியாது, ஒரு வருடம் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். இன்றைக்கே உச்சியை ஒரு படம் எடுத்து வையுங்கள், அதே லைட்டின் கீழே, அதே தூரத்தில் மாதம் ஒரு தடவை எடுங்கள். நாளாந்தம் கண்ணாடியைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுத்தினால் சில மாதத்தில் வந்த முடி போய்விடும். இது காய்ச்சல் மருந்து போல ஒரு போத்தலோடு முடியும் விஷயம் இல்லை. பூசிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் பலன். ஒவ்வொரு மாதமும் இந்தக் காசை ஒதுக்க முடியுமா என்று தொடங்கும்போதே யோசியுங்கள். முடியாவிட்டால் தொடங்காமல் விடுவதில் எந்தக் குறையும் இல்லை. பளபளப்பாகிவிட்ட மொட்டையில் இது காடு வளர்க்காது, நெற்றி மூலையைவிட உச்சியில்தான் நன்றாக வேலை செய்யும். உங்களுக்கு 27, உச்சியில், ஒரு வருடத்துக்குள். பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உள்ள ஆள்தான் நீங்கள்.

வாங்கும் இடத்தையும் பாருங்கள். முகநூலில் தாடி எண்ணெய் என்று விற்கும் லேபல் இல்லாத போத்தல் வேண்டாம். பாமசியில், அளவும் பட்ச் நம்பரும் முடிவுத் திகதியும் எழுதியதை வாங்கி, தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிந்த மருந்தா என்று கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபிக்க மாட்டோம்.

இப்போது அக்காவின் குழந்தைக்கு வருகிறேன். 2019-இல் ஸ்பெயினில் ஒரு பயங்கரம் நடந்தது. வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் ஒமெபிரசோல் என்று லேபல் ஒட்டிய தூளுக்குள் இருந்தது மினொக்சிடில். அதில் செய்த மருந்தைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு நெற்றி, கன்னம், கை, கால் எல்லாம் முடி முளைத்தது. அது குடித்ததால் வந்தது. ஆனால் பூசியதாலும் வருகிறது. அதே நாட்டில் 2023-இல் ஒரு கைக்குழந்தையின் முதுகிலும் கால்களிலும் முடி வளர்ந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அப்பா தலையில் 5 சதவீத மினொக்சிடில் பூசிவந்திருக்கிறார். அவர் பூசுவதை நிறுத்த, குழந்தையின் முடியும் போய்விட்டது. இப்படிச் சில குழந்தைகள் என்று தெரிந்த பிறகு ஐரோப்பிய மருந்து முகவரகம், குழந்தை தொடும் இடத்தில் மருந்து படக் கூடாது என்று எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது.

நான்கு மாதக் குழந்தையை மாமா தோளில் போட்டால் அதன் வாய் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். பூசிய தலையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். உங்கள் தலையணையில் அதைக் கிடத்தாதீர்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றித் தனியாகத் தோய்க்கலாம். மாலை மருந்தைப் படுக்கும் நேரத்தில் பூசாமல் இரண்டு மூன்று மணித்தியாலம் முந்திப் பூசினால் படுக்கும்போது காய்ந்திருக்கும். அக்கா பால் கொடுக்கிறவர். அவரும் உங்கள் போத்தலில் கை வைக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பூசுவதும் இல்லை, குளிசையும் இல்லை.

பூனைக்கு இது இன்னும் மோசம். பூனையின் ஈரலுக்கு இந்த மருந்தைக் கழிக்கும் வல்லமை போதாது. தலையணையை நக்கினாலும், மருந்து பட்ட தன் மயிரையே நக்கினாலும், நெஞ்சில் நீர் கட்டி மூச்சுத் திணறிச் செத்துப்போகலாம். சிந்திய ஒரு சில துளியே போதும். உங்களோடு படுக்கிற பூனையென்றால் அறையை மூடிப் படுங்கள், அல்லது இந்த மருந்தை விடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களின் வகிடு அகலும் முடி குறைவுக்கும் மினொக்சிடில் பூசலாம். முகத்தில் முடி வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பைரோனோலக்டோன் என்ற நீர்க்குளிசையும் பிரஷருக்குக் கொடுப்பதுதான். அது ஆண் ஹோர்மோனைத் தடுப்பதால் தோல் வைத்தியர்கள் பெண்களுக்கு எழுதுகிறார்கள். கருவில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கக் கூடியது, இரத்தத்தில் பொட்டாசியத்தையும் ஏற்றும். அதனால் அதுவும் துண்டில்லாமல் கேட்டு வாங்கும் மருந்து இல்லை. ஆண்களுக்கு அது சரிவராது, மார்பு வீங்கும்.

ஒரு வருடம் ஒழுங்காகப் பூசியும் திருப்தி இல்லையென்றால் தோல் வைத்தியரிடம் போங்கள். மினொக்சிடில் குளிசையைப் பற்றியும் பினாஸ்டரைட் என்ற இன்னொரு முடி மருந்தைப் பற்றியும் அங்கே கதைக்கலாம். போகும்போது வெட்கப்படாமல் சொல்ல வேண்டியவை: நெஞ்சுநோ, படபடப்பு, மயக்கம் எப்போதாவது வந்ததா, வீட்டில் யாராவது சின்ன வயதில் இதயத்தால் இறந்தார்களா, சிறுநீரகத்தில் பிரச்சினை உண்டா, வேறு என்ன மருந்து, என்ன மது. அப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறது, ஆகவே 27 வயதிலேயே உங்கள் பிரஷரையும் பார்க்கத்தான் வேண்டும். ஏதாவது ஒரு பாமசியில் பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

கூட்டாளி தந்த அட்டையை வீட்டில் வைக்க வேண்டாம். குழந்தை தவழத் தொடங்க இன்னும் இரண்டு மூன்று மாதம்தான். திருப்பிக் கொடுக்கப் போகும்போது, அவரும் அதைத்தான் போடுகிறாரா என்று கேளுங்கள். ஓம் என்றால், காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பாருங்கள், காலையில் கண்ணிமை வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேளுங்கள். குழி நின்றாலோ மூச்சு முட்டினாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.